பேனாக்கத்தி

பேனாக்கத்தி வாங்கப் போகிறவர்கள் அலகின் பளபளப்பைப் பார்ப்பார்கள். நான் அது மடங்கும் இடத்தைத்தான் பார்ப்பேன். முதுகில் உள்ள வில் மட்டுமே தாங்குகிற கத்தியை நுனியால் அழுத்திக் குத்தினால், சட்டென்று மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடும். 1890-ல் பிறந்த பிரெஞ்சுக் கத்தி ஒப்பினெலுக்கே, திருகிப் பூட்டும் வளையம் 1955-ல்தான் வந்தது!

என் ஜேபியில் இருப்பது அதில் ஆறாம் நம்பர். சுமார் ஏழு சென்டிமீட்டர் அலகு; கொய்யாப்பழத்துக்கும் பார்சல் கயிற்றுக்கும் போதும். எலுமிச்சம்பழம் நறுக்கித் துடைக்காமல் மடக்கினால் கார்பன் எஃகு கறுத்துவிடும். போகட்டும், சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடுகிறதே! கத்தரி, திருப்புளி எல்லாம் செருகிய ஸ்விஸ் கத்தியையும் பார்த்தேன். கல்யாண வீட்டில் எல்லாக் காரியத்தையும் இழுத்துப் போட்டுக்கொள்ளும் சித்தப்பா மாதிரி. நல்லவர்தான், ஜேபியில் அடங்கமாட்டார்.

பேரன் கத்தியைக் கேட்டால், வளையத்தைத் திருகிப் பூட்டிய பிறகே கொடுக்கிறேன்.