வீலைக் கழற்றாமல் பஞ்சர் ஒட்டும் கை

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே நெடுஞ்சாலையில் 11 கிலோமீட்டர்தான். அதே தூரத்தை மேற்கே ஒதுங்கி, மலையடிவாரத்தை ஒட்டி சைக்கிளில் போனால் நாலு விதமான தரை வந்துவிடும். கண்மாய்க்கரையில் கரிசல், மாந்தோப்புகளுக்கு நடுவே செம்மண், ஓடையைக் கடக்கிற இடத்தில் உருட்டுக்கல், மறுபடி ஊருக்குள் நுழைந்தால் தார். இந்த நாலுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: சீமைக்கருவேல முள்.

இந்தத் தரைகளில் இப்போது மின்மோட்டார் வைத்த மலை சைக்கிள்கள் ஓடத் தொடங்கியிருக்கின்றன. 250 வாட்டுக்கு மேற்படாத மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் என்ற வரம்புக்குள் இருந்தால் நம் நாட்டுச் சட்டப்படி அது சைக்கிள்தான். லைசென்ஸ் வேண்டாம், பதிவு எண் வேண்டாம். ஆனால் எடை அப்படியில்லை. சாதாரண கியர் சைக்கிள் 15 கிலோ என்றால், பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்த வண்டி 22 முதல் 27 கிலோ வரை வரும். அத்தனை பாரமும், மோட்டாரின் இழுவையும், பிரேக்கின் பிடியும் கடைசியில் வந்து சேர்கிற இடம், டயர் தரையைத் தொடுகிற உள்ளங்கை அளவு ரப்பர். அந்த ரப்பரை எப்படித் தேர்ந்தெடுப்பது, அதற்குள் எவ்வளவு காற்று அடிப்பது என்று கேட்டறியத்தான் இரண்டு ஊர்களின் சைக்கிள் கடைகளுக்கும் போனேன். என்னிடம் இருந்தது பின்சக்கரத்தின் நடுவே மோட்டார் பொருத்திய வண்டி. 27.5 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல அகல டயர்.

ஓட்டை டியூபில்தானே?

முடங்கியாறு சாலைப் பக்கம் இருக்கும் அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் தொங்கும் பழைய டயர்தான் அடையாளம். என் வண்டியின் பின்டயரில் காற்று இறங்கியிருந்தது. பெருநகரக் கடைகளில் இந்த வகை வண்டியைக் கொடுத்தால் முதலில் சக்கரத்தைக் கழற்றத்தான் பார்ப்பார்கள். இங்கே கடைக்கார அண்ணாச்சி அதன் பக்கமே போகவில்லை. உத்தரத்திலிருந்து தொங்கிய கொக்கியில் சீட்டை மாட்டி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி தூக்கி நிறுத்தினார். வண்டியைத் தலைகீழாகக் கவிழ்க்கவும் இல்லை. ஹேண்டில்பாரில் இருக்கும் டிஸ்பிளே உடைந்துவிடும் என்பது அவருக்கு ஒரு பார்வையில் தெரிந்தது.

"வீலக் கழட்ட வேண்டாமா அண்ணாச்சி?" என்றேன்.

"எதுக்கு? கழட்டணும்னா ஒயரு கழட்டணும், நட்டு கழட்டணும், வாஷர் எந்தப் பக்கம் கெடந்துச்சுன்னு ஞாபகம் வச்சிக்கிடணும். ஓட்டை டியூபுலதான இருக்கு?"

மிச்சக் காற்றை இறக்கிவிட்டு, டயரின் விளிம்பை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளினார். அப்படித் தள்ளினால்தான் எதிர்ப்பக்கம் தளர்வு கிடைக்கும். அந்தத் தளர்வில் லிவரை நுழைத்து ஒரு பக்கத்து விளிம்பை மட்டும் வெளியே எடுத்தார். வால்வை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு டியூபை உருவினார். லேசாகக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, டியூபை ஒரு சாண் ஒரு சாணாக முக்கிக்கொண்டே போனார். குமிழி வந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவினார்.

அதற்குப் பிறகு அவர் சும்மா இருந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. வாயால் ஊதவில்லை. ஊதினால் எச்சில் ஈரம் படும். சொல்யூஷனின் பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்தார். ரப்பரோடு ரப்பர் இணைவதற்கு முன் அந்தக் கரைப்பான் ஆவியாகிப் போயாக வேண்டும். அவசரப்பட்டு வைத்த ஒட்டு வெயில் ஏறியதும் ஓரம் தூக்கிக்கொள்ளும். பதம் வந்ததும் ஒட்டை வைத்து, லிவரின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, சுற்றிலும் பவுடரைத் தூவினார்.

டியூபை உள்ளே வைப்பதற்கு முன், ஒரு பிடி வேஸ்ட் பஞ்சை எடுத்து டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நூல் சிக்கியது. கண்ணுக்குத் தெரியாத, ஒடிந்துபோன முள்நுனி. அதை நோஸ் பிளேயரால் உள்பக்கமாக இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நூற்பாலைகளின் ஊரில் மெக்கானிக் கையில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அது எண்ணெய் துடைப்பதோடு முள் கண்டுபிடிக்கவும் உதவுகிறது.

நம் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர்கள் பொதுவாக இப்படித்தான் பஞ்சர் ஒட்டுகிறார்கள். செயின் கவரும் கேரியரும் மாட்டிய பழைய கனமான சைக்கிளில் பின்சக்கரத்தைக் கழற்றுவது பெரும்பாடு. அதற்காகப் பல தலைமுறைக்கு முன்பே உருவான முறை, சக்கரத்துக்குள் மோட்டார் வந்துவிட்ட இந்தக் காலத்துக்கு அப்படியே பொருந்துகிறது. மோட்டாரின் அச்சு சுழன்றுவிடாமல் பிடித்திருக்கும் வாஷரைத் தவறாகத் திருப்பி மாட்டினால் அச்சே சுற்றி ஒயரை அறுத்துவிடும். கழற்றாதவரை அந்த ஆபத்து இல்லை.

பெருவிரலும் கேஜும்

காற்று அடிக்கும்போது அவர் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். அதற்கொரு காரணம் உண்டு. பழைய சைக்கிள் டியூபில் இருப்பது வால்டியூப் வைத்த வால்வு. அதில் காற்று உள்ளே போகும், திரும்பி வராது. அதனால் கேஜ் வைத்தாலும் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அது காட்டாது. அளக்க வழியில்லாத இடத்தில் விரலே அளவாயிற்று. 28 அங்குலச் சக்கரத்தில் ஒன்றரை அங்குல டயரை வாழ்நாள் முழுக்கத் தொட்ட விரல் அது. அந்த டயரைப் பொறுத்தவரை அதன் கணக்குத் தப்பாது.

அகல டயரில் அதே விரல் வேறு செய்தி சொல்லும். அதே அழுத்தத்தில் டயர் அகலமாக ஆக ஆக, உறையின் மேல் விழும் இழுவிசையும் கூடும். தொட்டால் விறைப்பாகத் தெரியும். நல்லவேளையாக, இ-சைக்கிள்களில் பெரும்பாலும் வருவது மோட்டார் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்வு. கேஜ் வைத்தால் உடனே அளவு தெரிந்துவிடும். அண்ணாச்சியிடம் கேஜும் இருந்தது, பைக்குகளுக்காக வாங்கி வைத்தது. சதுர அங்குலத்துக்கு 34 பவுண்டு காட்டியது.

அந்த எண்ணுக்கு என்ன பொருள்? 70 கிலோ ஆள், 25 கிலோ வண்டி, தண்ணீரும் ஸ்பேனரும் 5 கிலோ, மொத்தம் 100. அதில் ஏறக்குறைய 60 கிலோ பின்சக்கரத்தில் விழும். 50 பவுண்டு காற்று இருந்தால் அந்த 60 கிலோவைத் தாங்கத் தரையில் சுமார் 17 சதுர சென்டிமீட்டர் ரப்பர் படிந்தால் போதும். 30 பவுண்டில் 28 சதுர சென்டிமீட்டர் படியும். 20 பவுண்டில் 43. ஓடைக்கல்லில் சக்கரம் வழுக்காமல் ஏற வேண்டுமானால் இந்தப் படிவுதான் வேண்டும். தார் ரோட்டில் பேட்டரி சீக்கிரம் தீராமல் இருக்க வேண்டுமானால் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும்.

காற்றைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. கல்லில் இடிக்கும்போது டயர் முழுதாக அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். இன்னொன்று மோட்டார் வண்டிக்கே உரிய தொல்லை: காற்று குறைவாக இருக்கும்போது மோட்டார் இழுத்தால் டயர் ரிம்மின் மேல் மெல்ல நகரும், டியூபையும் கூடவே இழுக்கும். வால்வின் அடிப்பகுதி கிழிந்தால் ஒட்டுப் போட முடியாது. அண்ணாச்சி முதலில் பார்த்ததே வால்வு நேராக நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதைத்தான்.

டியூப் வைத்த 2.2 முதல் 2.4 அங்குல டயருக்கு, 70 கிலோ ஆள் ஓட்டுவதாக இருந்தால், பின்னால் 32 முதல் 35 பவுண்டு, முன்னால் 28 முதல் 30 என்று தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் நசுங்க டியூப் இல்லாததால் பின்னால் 25, முன்னால் 22 என்று இறங்கலாம். முன்பக்கம் பாரம் குறைவு என்றாலும் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னே பாயும். அதனால் வித்தியாசத்தை ஐந்து பவுண்டுக்குள் வைப்பது நல்லது. பிறகு, வழக்கமாகப் போகும் பாதையில் இரண்டிரண்டு பவுண்டாகக் குறைத்துப் பார்த்து, ரிம் கல்லில் தட்டுகிற அளவு வந்ததும் மூன்று பவுண்டு ஏற்றிக்கொண்டால் அதுதான் உங்களுக்கான எண்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலையில் 25 டிகிரியில் 30 பவுண்டு அடித்த டயர், சித்திரை வெயிலில் நின்று 60 டிகிரிக்குச் சூடானால் 35 பவுண்டு காட்டும். மதியம் சுடச்சுட நிற்கும் டயரைச் சரிபார்த்துக் காற்றை இறக்கினால், மறுநாள் காலையில் அது தொய்ந்திருக்கும். நிழலில் ஆறவிட்டு அளப்பதே சரி.

"என்ன ஏத்துவீங்க?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் செண்பகத்தோப்புக்குப் போகும் பக்கம் ஒரு கடை. பால்கோவாவின் ஊரில் அந்தக் கடைக்குப் பால்காரர்கள்தான் நிரந்தர வாடிக்கை. பம்பை எடுப்பதற்கு முன் கடைக்காரர் எவரிடமும் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஏத்துவீங்க?" என்பதுதான். இருபுறமும் 20 லிட்டர் கேன் தொங்கினால் 41 கிலோ. அது முழுக்கப் பின்சக்கரத்தில் விழும். "கேன் நெறஞ்சு போகையில வேணுங்கிற காத்து வேற, காலியாத் திரும்பையில வேற. ரெண்டு வாட்டி யாரு அடிப்பா? பாரத்துக்கு அடிச்சிரணும், காலியா வரும்போது மெதுவா வரணும்" என்றார்.

என்னைச் சீட்டில் உட்காரச் சொல்லிவிட்டு, தரையில் குத்தவைத்து, டயரின் பக்கவாட்டு எவ்வளவு பிதுங்குகிறது என்று பார்த்தார். பிராங்க் பெர்டோ என்ற அமெரிக்க சைக்கிள் எழுத்தாளர் இதையே கருவி வைத்து அளந்து, ஆள் ஏறியதும் டயரின் உயரத்தில் 15 சதவீதம் அமுங்குவது நல்ல அளவு என்று எழுதினார். 60 மில்லிமீட்டர் உயர டயரில் அது 9 மில்லிமீட்டர். மண்பாதைக்குக் கொஞ்சம் கூடலாம். கடைக்காரர் பெர்டோவைப் படித்தவரில்லை. இரண்டு பவுண்டு இறக்கச் சொன்னார். இறக்கியதும் வண்டி சரளையில் துள்ளுவது நின்றது.

டயர் வாங்குவது பற்றி அவர் சொன்னதில் மூன்று விஷயம் எல்லோருக்கும் உதவும். முதலாவது பட்டன், அதாவது டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் குமிழ். கரிசலில் மழை பெய்தால் நெருக்கமான பட்டன்களுக்கு இடையில் களி அப்பிக்கொண்டு, டயர் வழவழப்பான உருளையாகிவிடும். பட்டன்கள் தள்ளித்தள்ளி இருந்தால் சுழலும்போதே மண் உதிரும். தார் ரோட்டில் மில் வேலைக்குப் போய்வருபவருக்கு அது வீண். நடுவில் தொடர்ச்சியாகவும் ஓரத்தில் மட்டும் பட்டனாகவும் உள்ள டயரே போதும். இரண்டாவது திசை. பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருந்தால் அதை மாற்றி மாட்டக் கூடாது. மூன்றாவது உறை. மோட்டார் இழுவைக்கும் கூடுதல் எடைக்கும் பக்கவாட்டு கனமான டயர் வேண்டும். டயர் அரைக்கிலோ கூடினால் மிதிக்கிறவருக்குத் தெரியும், மோட்டாருக்குத் தெரியாது.

முள்ளுக்கு இங்கே இரண்டு மருந்து. பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே லைனிங்காகப் போடுவது ஒன்று. மற்றொன்று சீலன்ட், பெரும்பாலும் ரப்பர் பால் கலந்த திரவம், ஓட்டை விழுந்த கணத்தில் கசிந்து உறைந்து அடைத்துவிடும். கருவேல முள்ளைவிட நெருஞ்சி போடும் சின்னஞ்சிறு ஓட்டைகளில் அது நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் சைக்கிள்காரர்களை அலைக்கழிப்பது இதே நெருஞ்சிதான். இங்குள்ள வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துபோகும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை மறுபடி ஊற்ற வேண்டும்.

எல்லாம் தயாரானதும் மலைக்குள் போகலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1988இல் சாம்பல்நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே சக்கரம் படக் கூடாது. அடிவாரத் தோப்புகளுக்கே யானை வரும். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது இங்குள்ளவர்களின் வழக்கம்.

இந்தக் கடைகள் நிலைத்து நிற்க வேண்டும்

இந்தக் கைகளுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. முள் தேடி, பதம் பார்த்து, சரியாக ஒட்டுகிற பஞ்சருக்கும் அவசரத்தில் ஒட்டுகிற பஞ்சருக்கும் ஒரே கூலி. மோட்டார் வண்டிக்கு இரட்டிப்பு நேரம் பிடித்தாலும் அதிகம் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து இ-சைக்கிள் வாங்குகிற நாம் அந்த நேரத்துக்கு உரிய கூலியைக் கேட்காமலே கொடுக்க வேண்டும். வண்டி விற்கிற நிறுவனங்கள், அகல டயருக்கான அழுத்த அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, ஒரு நல்ல கேஜோடு இந்தக் கடைகளுக்குக் கொடுத்தால் அவர்களுக்குப் பெரிய செலவில்லை. ஐ.டி.ஐ.களில் மின்வாகனப் பாடம் நடத்துகிறவர்கள், சக்கரத்தைக் கழற்றாமல் டியூபை எடுக்கும் முறையைச் செய்துகாட்ட இந்த அண்ணாச்சிகளில் ஒருவரை வகுப்புக்கு அழைக்க வேண்டும்.

மலை சைக்கிளின் டயர் கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளில் உருவானதாக இருக்கலாம். அது ராஜபாளையத்துக் கல்லிலும் கரிசலிலும் ஓட வேண்டிய முறையைச் சொல்லக்கூடியவர்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும்தான் இருக்கிறார்கள். பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணைப் படித்துவிட்டு நேராகப் பம்பை எடுப்பவர்கள், ஒரு தடவை அவர்களிடம் வண்டியைக் கொண்டுபோய், என்ன ஏற்றுவோம், எந்தப் பாதையில் போவோம் என்று சொல்லிப் பார்க்கட்டும். சரியான அளவு அந்தப் பேச்சில் கிடைக்கும்.