விருதுநகரும் 643 ஓட்டும்

"அமெரிக்காவுல கவர்னரா இருக்கிறவரே மறுபடியும் தேர்தல்ல நிக்கிறாரே, அதைப் பத்தி சுவாரஸ்யமா ஒரு பயணக் கட்டுரை குடுங்களேன்" என்றார் ஆசிரியர்.

"சூட்கேஸ் ரெடி சார்" என்றேன்.

"பஸ் டிக்கெட்டை மட்டும் பத்திரமா வெச்சிருங்க. கணக்குக்கு வேணும்."

பஸ்ஸில் அமெரிக்கா போக முடியாது என்பது பி.காம். படித்தவனுக்கும் தெரியும். எனவே மதுரை மாட்டுத்தாவணியில் விருதுநகர் பஸ் ஏறினேன். விஷயம் அங்கேயும் இருக்கிறது. கூடவே அம்மாவைப் பெற்ற தாத்தா வீடும் இருக்கிறது. தங்கும் செலவு மிச்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்ம ஊர் கவர்னரை ஜனாதிபதி நியமிக்கிறார். அவர் ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரமாட்டார். அமெரிக்க கவர்னர் அப்படியல்ல. நம்ம முதலமைச்சர் செய்கிற வேலை அவருக்கு. மாநிலம் முழுவதும் நேரடியாக ஓட்டுப் போட்டு அவரைத் தேர்ந்தெடுக்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் நாலு வருஷம். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷையரில் இரண்டே வருஷம். பதவியில் இருந்துகொண்டே மறுபடி நிற்பதில் ஒரு சௌகரியம், எல்லாருக்கும் முகம் தெரியும். ஒரு அசௌகரியமும் உண்டு. அதேதான்: எல்லாருக்கும் முகம் தெரியும்.

பில் கிளின்டனைக் கேட்டால் சொல்வார். 1978-ல், 32 வயதில், அர்கான்ஸா மாநிலத்துக்கு கவர்னர் ஆனார். ரோடு போடப் பணம் வேண்டுமென்று வண்டி லைசென்ஸ் கட்டணத்தை ஏற்றினார். கியூபா அகதிகளை அந்த மாநிலத்தில் தங்க வைத்ததிலும் ஜனங்களுக்குக் கோபம். 1980-ல் மறுபடி நின்றபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1982-ல் திரும்பி வந்து ஜெயித்தார். 1992-ல் ஜனாதிபதி தேர்தலிலேயே ஜெயித்தார் என்பது தனிக் கதை. ஆனால் அன்றைக்கு அவரைக் கவிழ்த்ததில் வண்டிக் கட்டணத்துக்கும் பங்கு உண்டு.

எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்தது அரிசி.

விருதுநகர் விசித்திரமான ஊர். சுற்றி எங்கே பார்த்தாலும் வறண்ட கரிசல். ஆனால் பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் எல்லாவற்றுக்கும் விலை சொல்வது இந்த ஊர். பேப்பரில் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பார்த்திருப்பீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கி மண்டித் தெருவுக்குள் நுழைந்தால் வத்தல் நெடியில் மூணு தும்மல் வரும். மூணோடு நின்றால் நீங்கள் உள்ளூர். பத்தைத் தாண்டினால் வெளியூர். நான் ஏழில் நின்றேன். பேரன் என்பதால் பாதி சலுகை.

தெப்பக்குளம் பக்கம் நடந்தால் காமராஜர் வீடு. இப்போது அரசு நினைவு இல்லம். ஒன்பது வருஷத்துக்கு மேல் முதலமைச்சராக இருந்தவர் வீடு என்று யாராவது சொன்னால்தான் தெரியும். இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகள் நெருக்க, நடுவில் ஒல்லியாக நிற்கிறது. என் கூட உள்ளே வந்த ஒரு காலேஜ் பையன், "அவ்ளோதானா?" என்றான். அவன் நண்பன், "அவ்ளோதான்டா மேட்டரே" என்றான். இரண்டு பேருமே சரி.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். 1957-லும் 1962-லும் பதவியில் இருந்துகொண்டே பக்கத்துச் சாத்தூரில் நின்று ஜெயித்தார். அமெரிக்கக் கணக்கில் சொன்னால், இரண்டு மறுதேர்தலும் பாஸ். 1963 அக்டோபர் 2-ம் தேதி, கட்சி வேலை பார்க்கப் போகிறேன் என்று நாற்காலியை விட்டு இறங்கினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பிறகு சாஸ்திரி, சாஸ்திரிக்குப் பிறகு இந்திரா என்று இரண்டு பிரதமர்களை உட்கார வைத்தார். பிறகு 1967-ல் சொந்த ஊரான விருதுநகரில் நின்றார்.

எதிரே நின்றவர் பெ.சீனிவாசன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் வந்த மாணவர் தலைவர். தி.மு.க. வேட்பாளர்.

முடிவு: சீனிவாசன் 33,421. காமராஜர் 32,136. வித்தியாசம் 1,285.

ஆட்சியில் இருந்த முதலமைச்சர் பக்தவத்சலமும் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். பதவியில் இருக்கிற முதலமைச்சரே சொந்தத் தொகுதியில் தோற்பது நம்ம முறையில் மட்டும் நடக்கிற கூத்து. 1996-ல் பர்கூரில் ஜெயலலிதாவுக்கும் அதுதான் நடந்தது. அமெரிக்க கவர்னருக்கு மாநிலம் முழுக்க ஒரே தொகுதி. நம்ம தலைவருக்கோ மாநிலம் ஒரு பரீட்சை, தொகுதி இன்னொரு பரீட்சை. தொகுதிக்காரனுக்கு அவர் தலைவர் மட்டுமல்ல, நாலாவது வீட்டுக்காரர்.

தேசபந்து மைதானத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். மாலை நேரம், பையன்கள் கூட்டம், சுண்டல் வியாபாரம். 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது இங்கேதான். சென்னை ராஜ்ஜியத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி, மற்ற கோரிக்கைகளோடு, ஜூலை 27-ல் ஆரம்பித்தார். அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அப்போது முதலமைச்சர் காமராஜர். பெயர் மாறவில்லை. 1967-ல் ஆட்சி மாறிய பிறகு ஜூலை 18-ம் தேதி சட்டசபையில் அண்ணா தீர்மானம் கொண்டுவந்தார். 1969 ஜனவரியில் பெயர் அமலுக்கு வந்தது. உயிரை விட்டவரும் இந்த ஊர். தோற்றவரும் இந்த ஊர். ஊருக்கு இரண்டு பேருமே சொந்தம். அதனால் யாரும் இதைப் பற்றிச் சத்தம் போட்டுப் பேசுவதில்லை.

மறுநாள் காலை சிவகாசி. ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டிப் போகிற ரோடு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து ஆரம்பித்த கதை. அது பட்டாசாக வளர்ந்து, பிறகு அச்சுத் தொழிலும் சேர்ந்தது. மழை பெய்யாததை முதலீடாக வைத்துத் தொழில் நடத்துகிற ஊர் வேறு எங்கே இருக்கிறது? மருந்து காய வெயில் வேண்டும். காலண்டர் மை காயவும் வெயில் வேண்டும்.

தெரிந்த ஒருவர் அச்சகத்தில் மேனேஜர். "எல்லாக் கட்சி போஸ்டரும் இங்கேதானா சார்?" என்றேன்.

"ஒரே மிஷின்ல காலைல ஒரு கட்சி, மத்தியானம் இன்னொரு கட்சி. நடுவுல மையைத் துடைப்போம். அம்புட்டுத்தான் கொள்கை."

"யார் ஜெயிப்பாங்கன்னு முன்கூட்டியே தெரியுமா?"

"தெரியாது. ஆனா யார் பாக்கி வெப்பாங்கன்னு தெரியும்."

பட்டாசு ஆலைப் பக்கம் போனபோது சிரிப்பு அடங்கிவிட்டது. சின்னச் சின்ன அறைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இடைவெளி, வேப்ப மரம். ஒரு அறையில் விபத்து நடந்தால் அடுத்த அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காக. அந்த இடைவெளியை யாராவது மதிக்காத நாளில்தான் பேப்பரில் செய்தி வருகிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் 38 உயிர்களுக்குக் குறையாமல் போயின. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் விரல்கள் அலுமினியத் தூளில் வெள்ளியாகப் பளபளத்தன. "ஓட்டுப் போடப் போறப்ப இந்த விரல்ல மை வெக்க அந்தம்மா முழிச்சுச்சு. தேய்ச்சுக் கழுவிட்டு வான்னு சொல்லிருச்சு" என்று சிரித்தார். 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது, பேரியம் கலந்த பட்டாசுக்குக் கட்டுப்பாடு வந்தது என்று நான் படித்ததெல்லாம் அவருக்கு ஒரே வரி: "வாரத்துல ஆறு நாள் வேலை இருக்குமா, இருக்காதா? அதைச் சொல்றவுகளுக்குத்தான் ஓட்டு."

இதைத்தான் அர்கான்ஸாவிலும் கேட்டிருப்பார்கள்.

ராத்திரி தாத்தா வீடு. தாத்தா எண்பதைத் தாண்டியவர். பருப்பு மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் காமராஜர் படம். சிவகாசிக் காலண்டரிலிருந்து வெட்டி பிரேம் போட்டது. ஜூலை 15 வந்தால் தாத்தா மாலை போடத் தவறமாட்டார். நான் வாங்கிப்போன எண்ணெய் புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப் போட்டுக்கொண்டே, என் கண்டுபிடிப்பைச் சொன்னேன்.

"தாத்தா, 1,285 ஓட்டு வித்தியாசம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா 643 பேர் மாத்திப் போட்டிருந்தாலே போதும். சூரியன் 32,778. காளை மாடு 32,779. ஒரே ஓட்டுல காமராஜர் ஜெயிச்சிருப்பார்."

தாத்தா மென்று கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"இன்னொருக்கச் சொல்லுய்யா."

சொன்னேன். கணக்குப்பிள்ளை அல்லவா, உதட்டுக்குள் கழித்துப் பார்த்தார். சரியாக வந்தது.

"அந்த 643-ல நான் ஒருத்தன்" என்றார்.

எனக்குப் புரோட்டா தொண்டையில் நின்றது.

"எனக்கு மொதல் ஓட்டு அது. ஒன் அம்மா கைப்பிள்ளை. ரேஷன் கடையில மூணு நாள் நின்னேன்யா. மூணாவது நாள் எனக்கு முன்னாடி ரெண்டு பேரு இருக்கையில அரிசி தீந்துபோச்சு. ரூபாய்க்கு மூணு படின்னு அவுக சொன்னாக. மூணு படி வராதுன்னு கணக்குப் பாக்கிற எனக்குத் தெரியாதா? ஒரு படியாவது வராதான்னு குத்திட்டேன். அவரைத் தோக்கடிக்கணும்னு குத்தலை. அவரு எப்படியும் ஜெயிச்சிருவாருன்னு நெனச்சுத்தான் குத்தினேன்."

"எல்லாரும் அப்படி நெனச்சிருப்பாங்களோ?"

"ரிசல்ட்டு வந்தன்னிக்கு மண்டியில ஒருத்தனும் ஒருத்தன் மொகத்தைப் பாக்கலை. அதுலயே தெரிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஓட்டுப் போட்டது தப்பில்லய்யா. வயித்துக்குக் கேட்டது தப்பா? ஆனா அவரு படிக்க வெச்ச பிள்ளைகதான் அவரைத் தோக்கடிச்சுச்சுன்னு யாராச்சும் பேசையில, நானும் கூடச் சேர்ந்து உச்சுக் கொட்டினேன் பாரு, அதான் உறுத்துது. மாலை போடறப்பல்லாம் உறுத்துது."

1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று காமராஜர் பெரிய வெற்றியோடு பார்லிமென்ட்டுக்குப் போனதையும், 1971-லும் அங்கேயே ஜெயித்ததையும் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். "நாகர்கோவில்காரன் குடுத்தான். நாம குடுக்கலையே" என்றார்.

அடுப்படியிலிருந்து ஆச்சி வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "இதுக்குத்தான் இம்புட்டு வருசமா மொகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு மாலை போட்டீகளா?" என்றார்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் தாத்தா.

"அன்னிக்குச் சாயங்காலம் சாப்பிடாமப் படுத்தீகளே, அப்பவே தெரியும். நீங்க சூரியன்னா நான் மாடு. பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போய்க் குத்துனேன். ஒங்க ஓட்டை நான் அன்னிக்கே அடிச்சுட்டேன்."

"ஏன்டி இத்தனை வருசமாச் சொல்லலை?"

"நீங்க கேட்டீகளா?"

வரவு ஒன்று, பற்று ஒன்று. இந்த வீட்டைப் பொறுத்தவரை 1967-ல் காமராஜருக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. கணக்கு டாலி ஆகிவிட்டது. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு புரோட்டா கேட்டார்.

ஆசிரியருக்கு: மதுரை - விருதுநகர், விருதுநகர் - சிவகாசி, போக வர பஸ் டிக்கெட்டுகள் இத்துடன் இணைப்பு. புரோட்டாவுக்கு ரசீது கிடையாது.