கிழச் சிங்கங்களின் பார்க்கிங்!

'டோக்கியோ டிரிஃப்ட்' படத்தில் ஹான் ஓட்டுவாரே, ஆரஞ்சு-கறுப்பு கார்... ஞாபகம் இருக்கா? மாஸ்டா ஆர்எக்ஸ்-7. அதோட அண்ணன் தம்பிகளை மொத்தமாகப் பார்க்க ஆசையா? ஷோரூமுக்கும் மியூசியத்துக்கும் போகாதீங்க. நேரா ஒரு பார்க்கிங்குக்குப் போங்க!

ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவு டைகோக்கு. தலைக்கு மேலே எக்ஸ்பிரஸ்வே பாலங்கள் ஜாங்கிரி பிழிந்த மாதிரி வளைந்து வளைந்து இறங்க, நடுவில் இருக்கிறது அந்த பார்க்கிங் ஏரியா. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இளைப்பாறக் கட்டிய இடம். நடந்து போக வழி கிடையாது. எக்ஸ்பிரஸ்வேயில் வண்டியில் வந்தால்தான் உண்டு. கார் வைத்திருக்கும் நண்பனைப் பிடிங்க, இல்லாவிட்டால் டாக்ஸி.

வெள்ளி, சனி ராத்திரிகளில் 1990-களின் ஹீரோக்கள் வரிசை கட்டி நிற்பார்கள். நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ், நம்ம ஆர்எக்ஸ்-7. மெஷினில் காசு போட்டால் சுடச்சுட டின் காபி வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுங்க.

ஒரு விஷயம் பாஸ்... வெளியே பளபளப்பைப் பார்த்து ஜொள்ளு விட்டுட்டு வந்துடாதீங்க. பானெட் திறந்திருக்கிற காரா பார்த்து நில்லுங்க. நிஜக் கதை அங்கேதான் இருக்கு.

ஆர்எக்ஸ்-7 இன்ஜினில் பிஸ்டனே கிடையாது. முக்கோணமாக இரண்டு ரோட்டார்கள் சுழலும். ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல், ஆக மொத்தம் ஆறு. இந்த ஆறும் தேய்ந்தால் கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினையே பிரிக்கணும். சீல்கள் உரசித் தேயாமல் இருக்க, இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலை உள்ளே விட்டு எரித்துக்கொண்டே இருக்கும். ரிப்பேர் இல்லீங்க, டிசைனே அப்படி! பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவையும் பார்ப்பது ஓனருக்குப் பழக்கமாகிவிடும். ஸ்டார்ட் பண்ணி, பத்தடி நகர்த்தி, உடனே ஆஃப் பண்ணினால் கோபித்துக்கொள்ளும். பிளக் பெட்ரோலில் நனைந்து, அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாமல் மல்லுக்கு நிற்கும்.

ஜிடி-ஆருக்கு வேறு தலைவலி. டைமிங் பெல்ட்டை லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியே ஆகணும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். இன்ஜின் காலி!

"அப்போ ஓட்டாம மூடி வெச்சிடலாமே?" என்கிறீர்களா? அது இன்னும் மோசம். ரப்பர் ஹோஸ்கள் விறைத்து வெடிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் இறுகிக்கொள்ளும், துரு சத்தமில்லாமல் தின்னும்.

அரசாங்கமும் விடுவதில்லை. நம்ம ஊர் எஃப்.சி. மாதிரி அங்கே 'ஷாக்கென்'. சொந்தக் காருக்கே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. பெட்ரோல் காருக்கு 13 வயசு தாண்டினால் வருடாந்தர வரி சுமார் 15 சதவீதம் ஏறும். பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்குன்னு சொல்லாமல் சொல்றாங்க.

கம்பெனிகள் நேர் எதிர். 2017-ல் மாஸ்டா, முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் சேவையை அறிவித்தது. அதே வருஷம் நிஸான், ஆர்32 ஜிடி-ஆரின் பாகங்களை மறுபடி தயாரித்து விற்க ஆரம்பித்தது. 2020-ல் டொயோட்டா சுப்ராவுக்கும் பார்ட்ஸ் வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும்!

இன்னொரு பக்கம் அமெரிக்கா. அங்கே 25 வயசான காருக்கு இறக்குமதியில் பாதுகாப்பு விதிகள் தளரும். 1989-ல் வந்த ஆர்32, 2014 முதல் கப்பல் ஏறியது. விலையும் ஏறியது. ஒருகாலத்தில் செகண்ட் ஹேண்டில் இளவட்டங்கள் வாங்கிய கார், இப்போ அவங்க சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில். அதனால், டைகோக்குவில் பழைய ஜிடி-ஆர் பக்கத்தில் நரைத்த தலை நின்றால் ஆச்சர்யப்படாதீங்க. மரியாதையாக சிரிச்சு, இன்ஜினைக் காட்டிக் கேளுங்க. எந்த ஹோஸை எப்போ மாத்தினாங்கன்னு மணிக்கணக்கில் பேசுவாங்க.

கூட்டமும் சத்தமும் மிஞ்சினால் போலீஸ் வந்துவிடும். ஒலிபெருக்கியில் 'பார்க்கிங்கை மூடுறோம், கிளம்புங்க' என்ற அறிவிப்பு கேட்கும். அப்போ ஆர்எக்ஸ்-7 ஓனர்களை மட்டும் கவனிங்க. எல்லோரும் சர்ருன்னு பறக்க, அவங்க மட்டும் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்துக்கொண்டு, இன்ஜின் சூடாகும் வரைக்கும் மெதுவாக உருட்டிக்கொண்டு போவாங்க!