சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே

குண்டடம் வருவதற்கு முன் ஒரு வேகத்தடை. மாமன் மகன் வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி கோணலாக விட்டான். அப்படியும் அடியில் ‘டொக்’கென்று ஒரு சத்தம். அவன் முகம் சுருங்கிவிட்டது.

“பாத்தீங்களா மச்சான், நாலு மாசமா இதே பாடுதான்.”

அவனுக்குத் தாராபுரம். திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் ஃபிட்டர் வேலை. வண்டி போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2013-இல் இந்தியாவில் இறங்கிய வண்டி; 2022-இல் இங்கே போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. வைத்திருப்பவர்கள் விற்க மனமில்லாமல் பொத்திப் பொத்தி ஓட்டுகிறார்கள். இவன் வாங்கிய சூட்டோடு ஒரு கடையில் உயரம் குறைந்த ஸ்பிரிங்கை மட்டும் மாட்டிக்கொண்டான். ஷாக் அப்சார்பர் பழையதுதான். நின்றால் அழகு; ஆள் ஏறினால் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கிறது. இப்போது உயரத்தையும் இறுக்கத்தையும் நாமே மாற்றிக்கொள்ளும் காயிலோவர் செட் வாங்க, லட்சத்துக்கு மேல் சேர்த்து வைத்திருக்கிறான். எதை வாங்குவது என்று கேட்கக் கோவைக்குக் கிளம்பினான். அந்த வேலையைச் செய்யும் கைகளைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை, நானும் ஏறிக்கொண்டேன்.

பல்லடம் தாண்டிச் செட்டிபாளையம் பக்கம் போனால் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2003-இல் திறந்த, 2.1 கிலோமீட்டர் பந்தயத் தடம். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கி, பந்தயத்தை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டும்படி செய்த எஸ். கரிவரதனின் பெயர் அதற்கு. கோவையின் நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். ஓட்டியவர்கள் பெயரை ஊர் அறியும். குறித்த நிமிடங்களுக்குள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டைக் கழற்றி மாட்டி, வண்டியை மறுபடி ஓடவிட்டவர்களின் பெயர் எந்தக் கோப்பையிலும் இல்லை. நாங்கள் தேடிப் போனது அவர்களில் ஒருவரை.

தகரக் கூரை போட்ட பட்டறை. ராலி வண்டிகளின் அடியில் படுத்தே தலை நரைத்தவர். குறடுகள் வரிசையாகத் தொங்கும் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மாமன் மகன் வாய் திறந்ததும் பிராண்ட் பெயர்களாக அடுக்கினான். அவர் கேட்டுக்கொண்டே எழுந்து டேப்பை எடுத்தார்.

“பிராண்ட அப்பறம் பாத்துக்கலாம் தம்பி. தெனமும் எந்த ரோட்டுல ஓட்டறீங்க? எத்தன பேரு ஏறுவீங்க?”

“தாராபுரம், திருப்பூருங்ண்ணா. ஞாயித்துக்கெழம அம்மா, அப்பா, தங்கச்சி எல்லாரும் வருவாங்க.”

சக்கரத்தின் நடுப்புள்ளியில் டேப்பை வைத்து, நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். நாலு மூலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதினார். தரையிலிருந்து ஏன் அளக்கவில்லை என்று கேட்டேன். டயரில் காற்று குறைந்தாலும் பட்டன் தேய்ந்தாலும் தரைக்கணக்கு மாறிவிடும். சக்கரத்தின் நடுவுக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரம் மாறாது என்றார். பிறகு இரண்டு பையன்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து மறுபடி அளந்தார்.

கணக்கை வாய்விட்டே போட்டார். தொழிற்சாலை இந்த வண்டிக்குச் சொல்லும் தரை கிளியரன்ஸ் 165 மி.மீ. இவன் ஆசைப்பட்டது 40 மி.மீ. இறக்கம். மீதி 125. சக்கரத்தில் அளந்தால் மி.மீ.க்கு 3 கிலோ தாங்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொண்டால், பின்னால் 120 கிலோ ஏறும்போது இரண்டு ஸ்பிரிங்கும் சேர்ந்து 20 மி.மீ. அமுங்கும். மீதி 105. இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடையின் உயரமே 10 சென்டிமீட்டர், அதுவும் 3.7 மீட்டர் அகலத்தில் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டியது. நம் ஊர்த் தெருமுனையில் போட்டிருப்பது அந்த உயரத்தை ஒரு முழத்துக்குள் ஏறுகிறது.

மாமன் மகன் பேசவில்லை. குண்டடத்தில் கேட்ட ‘டொக்’குக்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

அவர் வண்டியை லிஃப்டில் ஏற்றி லோயர் ஆர்மைக் காட்டினார். உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிந்து இறங்க வேண்டிய கை அது. வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால் அதன் வெளிமுனை மேலே தூக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு வளைவில் வண்டியைச் சாய்க்கும் விசை குறையாது, கூடும். அதை அடக்க இன்னும் கெட்டியான ஸ்பிரிங் போட வேண்டிவரும். ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணமும் கெட்டு, குழியில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும். இறக்குவதால் கிடைக்கும் நன்மையை இறக்கமே தின்றுவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்கு முன்னால் நிற்பதுதான் தொழில் என்றார்.

அதன் பிறகே செட்டுகளைப் பற்றிப் பேசினார். கேடபிள்யூ வேரியன்ட் 1, பில்ஸ்டைன் பி14 ஆகியவற்றில் உயரத்தை மட்டும் மாற்றலாம். இறுக்கம் தயாரித்தவர் வைத்ததுதான். வேரியன்ட் 2-இல் ஸ்பிரிங் திரும்ப எழும் வேகத்தையும் மாற்றலாம். வேரியன்ட் 3-இல் அமுங்குவதும் எழுவதும் தனித்தனி. பில்ஸ்டைன் பி16-இல் ஒரே திருகில் 10 நிலை. தைவான் பிசி ரேசிங்கின் பிஆர் வகையில் 30 கிளிக். திருக இடம் கூடக்கூடத் தப்பான நிலைகளும் கூடும். எழும் வேகத்தை ரொம்ப இறுக்கிவிட்டால், வரிசையாகப் போட்ட சின்னத் தடைகளில் சக்கரம் கீழே இறங்க நேரமில்லாமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். ஓட்டுபவர் ஸ்பிரிங் கெட்டி என்று நினைத்து அதை மாற்றுவார். நோய் ஒன்று, மருந்து வேறு.

பக்கத்தில் வேறொரு வண்டிக்கு வேலை நடந்தது. இருபத்திரண்டு வயதிருக்கும் பையன் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் பூட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சமமாக இறுக்கினான். முகத்தை ஸ்பிரிங்குக்கு நேரே கொண்டுபோகவே இல்லை. நழுவினால் எலும்பை உடைக்கும் வலு அதற்குள் அடங்கிக் கிடக்கிறது. மூத்தவரின் இடது மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பு. எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஸ்ட்ரட் மாட்டி முடிந்ததும், லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைப் பையன் கையால் மட்டும் திருகிவிட்டான். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி, உடம்பு தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்சை எடுத்தான். லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கினால், புஷ்ஷின் ரப்பர் காலமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். ரசீதில் வராத ஐந்து நிமிடம் அது. அந்த ஐந்து நிமிடத்துக்காகவே அவனைக் கும்பிடத் தோன்றியது.

பிறகு திருகைக் கடைசி வரை இறுக்கி, அங்கிருந்து ஒவ்வொரு கிளிக்காக எண்ணியபடி பின்னுக்கு விட்டான். எண்ணிக்கையை மூத்தவர் நோட்டில் எழுதினார். மாமன் மகன் சட்டென்று நிமிர்ந்தான்.

“நம்ம ஜிஎஸ்எம் மாதிரியேங்ண்ணா!”

நிட்டிங் மெஷினில் நூல் ஊட்டும் புல்லியின் விட்டத்தை ஒரு நூலளவு மாற்றினால் லூப்பின் நீளம் மாறும்; ஒரு சதுர மீட்டர் துணியின் எடையான ஜிஎஸ்எம் மாறும். மாற்றியதும் துணி ஓட்டி, 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி எடை போட்டு, நூறால் பெருக்குவார்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், மாற்றியதை எழுது. எழுதாமல் திருகிய ஃபிட்டரால் பழைய துணியை மறுபடி ஓட்ட முடியாது. தினமும் தன் கையால் செய்வதைத்தான் அவன் இங்கே பார்த்தான்.

மூத்தவர் சிரித்தார். “அப்பறமென்ன தம்பி, ஒங்களுக்கு நாஞ் சொல்லித் தரோணுமா?”

கிளம்புமுன் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டி மாறுபடுவதைத் தடுக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்காமல் பணம் கட்ட வேண்டாம் என்றார். வேலை கையைவிட்டுப் போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் மனிதரிடம்தான் வண்டியை விட முடியும்.

அவன் கேட்டான், எழுத்தில் வாங்கினான், ஒரு மாதம் பொறுத்தான். உயரமும் எழும் வேகமும் மட்டும் மாற்றக்கூடிய செட்டைத் தேர்ந்தெடுத்தான். இறக்கம் 40 அல்ல, 15 மி.மீ. மாட்டியதும் அலைன்மென்ட். அடுத்த ஞாயிறு வீட்டார் எல்லோரும் ஏற, அதே வேகத்தடையை நேராக ஏறி இறங்கினோம். சத்தமில்லை. அத்தை பேச்சை நிறுத்தவேயில்லை.

திரும்பி வந்து பின்பக்கம் இரண்டு கிளிக் தளர்த்தினான். சட்டைப் பையிலிருந்து மில்லுக்குக் கொண்டுபோகும் சின்ன நோட்டை எடுத்தான். லூப் நீளமும் ஜிஎஸ்எம்மும் வரிசையாக எழுதியிருந்த பக்கத்தைப் புரட்டி, அடுத்த பக்கத்தில் தேதி போட்டு எழுதினான்: பின்னால் 2 தளர்வு, அஞ்சு பேர், குண்டடம் ரோடு.