ஆறுக்கு ஒன்பது

பியூஜி ஜிடபிள்யூ690 கேமரா. மூன்றாம் மாடல், 1992இல் வந்தது. என் கைக்கு வருவதற்குமுன் யாரோ புழங்கியது.

ஒன்றரைக் கிலோ. கழுத்தில் மாட்டுவதை விட்டுவிட்டேன்.

அடித்தட்டில் சின்ன ஜன்னல். மூன்று இலக்கம். ஷட்டர் பத்து தடவை அடித்தால் ஓர் எண் கூடும். வாங்கிய அன்று 031.

அப்படியென்றால் முந்நூற்றுச் சொச்சம் தடவை. எதைப் பார்த்து?

பேட்டரி இல்லை. மீட்டர் இல்லை. 400 பிலிம், உச்சி வெயில்: 1/500, எஃப்16. அதுவரை மனப்பாடம். திண்ணை நிழல் என்றால் இன்னும் தடுமாற்றம்தான்.

120 ரோலுக்கு எட்டுப் படம். அடுத்த படத்துக்கு லீவரை இரண்டு முறை தள்ள வேண்டும். ஒரு தள்ளில் நிறுத்திவிட்டு யோசிப்பது பழகிவிட்டது.

எட்டாவதை எப்போதும் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவருகிறேன். ஏன்?

220 ரோல் போட்டால் பதினாறு. அதற்கும் கேமராவில் ஏற்பாடு உண்டு. 220 ரோலை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பிலிம் முடிந்ததும் காகிதப் பட்டையை நாக்கால் நனைத்து ஒட்டுவது. தபால் தலை ருசி.

காலியான ஸ்பூல் இடம் மாறி உட்காரும். அடுத்த ரோல் அதில்தான் சுற்றும். இப்போது உள்ளே இருப்பது எத்தனையாவது கை மாறியது?

120 ரோல் 1901இல் கோடாக் பிரவுனிக்காக வந்தது. அப்போதும் படம் இதே ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர். தாத்தா ஆல்பத்தில் உள்ள குட்டிப் படங்கள், நெகட்டிவையே தாள்மேல் வைத்துப் போட்ட பிரிண்ட். அதில் ஒன்றின்மேல் என் நெகட்டிவை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூடியது.

வியூஃபைண்டர் நடுவில் ஒரு கட்டம். அதற்குள் எல்லாம் இரண்டிரண்டு. லென்ஸைத் திருகத் திருக ஒன்று நகர்ந்து மற்றதன்மேல் உட்காரும்.

தூண், நிலைக்கதவு, தென்னை. சட்டென்று பிடிபடும்.

கொடிக்கயிறு பிடிபடாது. பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தினாலும் கயிறு கயிற்றின்மேலேயே கிடக்கும். கேமராவைச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு மூக்குத்தி. இரண்டு மினுக்கு, ஒரு மினுக்கு. அதுபோதும்.

பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல. பக்கத்து ஜன்னல் வழியாக. லென்ஸ் மூடி போட்டிருந்தாலும் எல்லாம் பளிச்சென்று தெரியும்.

தை மாதம். பெரியப்பா திண்ணையில், கால்மேல் கால். மேல்துண்டு மடியில். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. மூன்று எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும், "எடுத்துட்டியாப்பா?"

பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். முதல் மூன்று கட்டமும் வெறும் கண்ணாடி.

நான்காவதில் பெரியப்பா எழுந்து தூணைப் பிடித்து நிற்கிறார். மூடியை எப்போது கழற்றினேன் என்று ஞாபகமே இல்லை.

வெற்றிலைப் பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். முட்டி வலி. நாற்காலியில்தான் உட்காருகிறார், காலை நீட்டி.

அடித்தட்டில் இப்போது 038.