எட்டு மீட்டர் தூரத்தில் ஒருத்தி

சென்ற ஆவணியில் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். ஆகவே கொஞ்ச காலம் நான் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் வசிக்க நேர்ந்தது. வலக்கண்ணால் பார்த்தால் கூடத்துச் சுவர் வெள்ளை. இடக்கண்ணால் பார்த்தால் அதே சுவர் பழம்புத்தகத்தின் தாளைப்போல் பழுத்திருந்தது. ஒரு கண்ணை மூடுவதும் மற்றதைத் திறப்பதுமாக இதைச் சோதித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, கிழவனுக்குக் கண்ணடிக்கும் வியாதி வந்துவிட்டது என்று வீட்டில் சிரித்தார்கள்.

அந்த நாட்களில்தான் அக்கா மகன் தன் ஸ்விஃப்ட் காரை ஆற்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பத்து வருடப் பழசு. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் முகப்பு விளக்குகள் இரண்டும் என் இடக்கண்ணின் நிறத்தில் இருந்தன. "மாமா, ஒரு வாரம் இங்கதான். ஹெட்லைட்டக் கழட்டி லுக்க மாத்தப் போறேன்" என்றான். சென்னையில் அவன் குடியிருக்கும் அடுக்ககத்தில் இதற்கெல்லாம் இடமில்லையாம். எங்கள் திண்ணையும் வேப்பமர நிழலும் அவனுக்குப் பட்டறை ஆயின.

முகப்பு விளக்கு எனக்கு விளையாட்டுப் பொருள் அல்ல. அறுவைக்கு முந்தைய கோடையில் ஓர் இரவு, ராணிப்பேட்டையிலிருந்து பாலாற்றுப் பாலத்தின்மேல் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே வந்த காரின் வெள்ளை ஒளி கண்ணுக்குள் புகுந்து சிதறியது. புரை விழுந்த கண்ணுக்கு ஒளி பாதையைக் காட்டுவதில்லை. மூடுபனியைப்போல் எல்லாப் பக்கமும் பரவி அப்படியே நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நொடி நான் எதையுமே பார்க்கவில்லை. பிரேக்கைப் பிடித்தது பயத்தில்தான், எதையும் கண்டு அல்ல. கார் கடந்தபின் பார்த்தால், என் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால், தோளில் டிபன் பையோடு ஒரு பெண் கைப்பிடிச் சுவரில் ஒட்டி நின்றிருந்தாள். ஏதோ ஷூ கம்பெனியில் வேலை முடித்து வருகிறவள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "பாத்துப் போ பெரியவரே" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். அன்றோடு இருட்டில் வண்டியை எடுப்பதை விட்டேன். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

விளக்கின் முகத்தை மாற்றும் ஆசை இன்று பிறந்ததல்ல. என் சிறுவயதில் அம்பாசடரின் விளக்கு வட்டமான கண்ணாடி. அதற்குமேல் குரோமியத்தில் ஓர் இமையைப் பொருத்திக்கொள்வார்கள். லாரிக்காரர்கள் தகரத்தில் வெட்டிக் கறுப்படித்து மாட்டுவார்கள். சிலர் மஞ்சள் கண்ணாடித்தாளை ஒட்டினார்கள். பிரான்சு நாட்டில் 1930களின் நடுவிலிருந்து 1993 வரை எல்லா வண்டிகளுக்கும் மஞ்சள் விளக்கே சட்டம் என்பது நம் லாரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. விளக்கின் நடுவே கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டும் வேலையைக் காவல்துறையே செய்தது. ஆயுத பூஜையன்று இரண்டு விளக்குகளுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். வண்டிக்கு நெற்றி வேறெங்கோ இருக்க, கண்ணிலேயே பொட்டு வைக்கிறோமே என்று அன்றைக்கு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

கண்ணாடி விளக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது உடையும், பழுக்காது. அமெரிக்காவில் 1983இல் விதியைத் தளர்த்திய பிறகு பிளாஸ்டிக் முகம் கொண்ட விளக்குகள் அங்கே வந்தன. பிறகு உலகம் முழுக்க அவைதான். இந்தப் பாலிகார்பனேட் லேசானது, எந்த வடிவுக்கும் வளையும், கல் பட்டால் தெறிக்காது. ஆனால் வெயில் ஆகாது. அதனால் தொழிற்சாலையிலேயே புற ஊதாக் கதிரைத் தாங்கும் ஒரு பூச்சை அதன்மேல் கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்கு அந்தப் பூச்சு எத்தனை வருடம் தாங்கும்? அது தேய்ந்ததும் அடியிலிருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகி மங்குகிறது. கண்ணின் வில்லையும் வயதோடும் வெயிலோடும் இப்படித்தான் பழுக்கிறது என்கிறார்கள். இங்கே ஒரு வேடிக்கை. போர் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை சிதறி விமானிகளின் கண்ணில் துண்டுகள் தங்கியும் கண் அவற்றை எதிர்க்காததைக் கவனித்து, அதே வகைப் பொருளில் வில்லை செய்து 1949இல் லண்டனில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார் ஹெரால்ட் ரிட்லி என்ற மருத்துவர். காரின் கண்ணுக்கும் பிளாஸ்டிக், என் கண்ணுக்கும் பிளாஸ்டிக்.

முதல் நாள் மருமகன் பற்பசையால் தேய்த்தான். விளக்கு பளிச்சென்று ஆனது. எதிர்வீட்டுப் பெரியவர் வேலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ராணிப்பேட்டை டேனரி ஒன்றில் முப்பது வருடம் ஃபினிஷிங் பிரிவில் இருந்தவர். உண்ணிக் கடியும் முள் கீறலும் உள்ள தோலை உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்து, நிறம் ஏற்றி, கடைசியில் மேல்பூச்சை ஸ்ப்ரே செய்து, குறையே இல்லாத தோல்போல் ஆக்கி அனுப்புவது அவர் தொழில். "இது நாலு மாசம் தாங்காது தம்பி" என்றார். "தேச்சா பளபளப்பு வரும். ஆனா தேச்ச இடம் அம்மணமா நிக்குது. மேல கோட்டிங் போடலேன்னா முன்னவிட சீக்கிரம் கெடும். தோலுக்கும் அதான், இதுக்கும் அதான்."

பிறகு நடந்ததை அவர்தான் நடத்தினார். 800, 1500, 2000 என்று எண் ஏற ஏற மூன்று உப்புத்தாள்கள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். முதல் தாளில் மஞ்சள் பாலாக வழிந்தது. விளக்கு தெளிவாவதற்குப் பதில் பால் கண்ணாடிபோல் முழுக்க மங்கிவிட, மருமகன் முகமும் மங்கியது. "பயப்படாத, கீறலக் கீறலாலதான் எடுக்கணும்" என்றார் பெரியவர். ஒரு திசையில் ஒரு தாள், அதற்குக் குறுக்காக அடுத்த தாள். முந்தைய கோடுகள் மறையும்வரை அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. கடைசியில் புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் ஸ்ப்ரே, மெல்லிசாக இரண்டு தடவை. அவன் தூசு பறக்கும் வாசலில் அடிக்கப் போனவனை அவர் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனார். அந்த முப்பது வருடம் அவர் விரல்களில் அப்படியே இருப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டேனரிகளைப் பற்றி எங்கள் ஊரில் பேசினால் பேச்சு பாலாற்றுக்குப் போய்விடும்; அதுவும் நியாயம்தான். இந்த விரல்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஆனால் மருமகன் வந்த காரியம் அதுவல்ல. அவனுக்கு விளக்கின் உட்புறம் கறுப்பாக வேண்டும். முகத்தையும் உடலையும் ஒட்டியிருக்கும் ரப்பர் பசையைச் சூடாக்கினால் இளகும், பிரிக்கலாம். பேக்கரிக்காரரிடம் அடுப்பைக் கேட்டிருக்கிறான். அவர் துரத்தாத குறை. சோல் ஒட்டும் பசையோடு பத்து வருடமாகப் பழகிய பெரியவரின் மகள், ஷூ யூனிட் ஒன்றிலிருந்து சுடுகாற்று அடிக்கும் ஹாட் ஏர் கன்னை இரவல் வாங்கித் தந்தாள். "ஒரே எடத்துல புடிக்காத, வளைஞ்சிடும். நவுத்திக்கினே இரு" என்று பாடமும் சொன்னாள். முகம் கழன்று வந்தது. உள்ளே ஒளியை வீசும் கிண்ணத்தைத் தொடாமல் சுற்றியுள்ள வெள்ளிச் சட்டத்துக்கு மட்டும் கறுப்படித்தான். அழகாகத்தான் இருந்தது, மை தீட்டிய கண். திரும்ப ஒட்டியதில் இடதுபுறம் பசை எங்கோ விட்டுப்போய், மறுநாள் காலை உள்ளே ஆவி படிந்திருந்தது. மீண்டும் சூடு, மீண்டும் பசை.

இவ்வளவுக்கும் பேசாமலிருந்த நான், அவன் பையிலிருந்து எல்.இ.டி. பல்புகளை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தேன். அந்த விளக்கின் கிண்ணம் ஹாலஜன் பல்பின் இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகத் தடுப்பு; ஒளி மேலே எழும்பாமல் காப்பது அதுதான். அந்த இடத்தில் வேறொன்றைச் செருகினால் ஒளி கிண்ணத்தின் பேச்சைக் கேட்காது. சட்டமும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. "எல்லாரும் போடறாங்க மாமா" என்றான். அப்போது பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவன் பதில் பேசவில்லை.

1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதியை நான் விரும்பிப் படித்தேன். விதிகளில் மனிதர்கள் நிற்பது அபூர்வம். இதில் ஒருவர் நிற்கிறார். விளக்குக்கு எட்டு மீட்டர் முன்னால், அதன் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அவருடைய கண்கள். அந்தக் கண்கள் கூசக் கூடாது. இருட்டியதும் தெருவில் டேப் வைத்து அளந்து சாக்பீஸில் ஒரு கட்டம் போட்டோம். முதலில் நானே போய்க் குனிந்து நின்றேன். எல்.இ.டி. எரிந்தது. வலக்கண்ணுக்குக் கடுமையான வெள்ளை. இடக்கண்ணுக்குப் பாலாற்றுப் பாலம். எந்தக் கண்ணைச் சாட்சியாகக் கொள்வது?

ஏழரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி எதிர்வீட்டுப் பெண் தெருவில் வந்தாள். நின்றாள். அளந்து வைத்ததுபோல அவள் கண்கள் ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருந்தன. விளக்கு எரிந்ததும் டிபன் பையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். "அய்ய, நிறுத்துப்பா."

மருமகன் பழைய பல்பை எடுத்து மாட்டினான். விளக்கின் பின்னாலிருக்கும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். ஒளி அவள் மார்பிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து முழங்காலுக்கும் இறங்கியது. "இப்ப?" என்று வண்டிக்குள்ளிருந்து கேட்டான். அவள் பையை இறக்கிக் கண்களைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இப்பத்தான் உள்ள இருக்கறது நீன்னு தெரியுது" என்றாள்.