அஞ்சு மாடி... லிஃப்ட் கிடையாது!

ரஷ்யாவில் ஒரு பழைய ஜோக் உண்டு. 'குருஷேவ் பாத்ரூமையும் டாய்லெட்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டார். தரையையும் கூரையையும் சேர்க்கத்தான் பாவம், டைம் கிடைக்கலை!'

சோவியத் தலைவர் நிகிதா குருஷேவ் காலத்தில் வரிசை வரிசையாக முளைத்த அஞ்சு மாடி வீடுகளுக்குத்தான் இந்த நக்கல். பேரே 'குருஷ்சோவ்கா'. கூரை உயரம் 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சொச்சம். கடுப்பானவர்கள் 'குருஷ்சோபா' என்பார்கள். 'த்ருஷ்சோபா' என்றால் ரஷ்ய மொழியில் சேரி!

சிரிச்சாச்சா? இப்போ அதுக்கு முன்னாடி நிலைமை என்னன்னு பார்ப்போம் பாஸ். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அங்கே சுமார் இரண்டரைக் கோடிப் பேருக்கு வீடு இல்லை. நகரங்களில் 'கொம்முனால்கா' வாழ்க்கை. ஒரு ஃப்ளாட்டில் அறைக்கு ஒரு குடும்பம். எல்லாருக்கும் ஒரே கிச்சன், ஒரே டாய்லெட். காலையில் பக்கெட்டோடு க்யூவில் நிற்கிற ஹாஸ்டல்வாசிகளுக்கு இது புரியும். ஆனா, நமக்கு நாலு வருஷம். அவங்களுக்கு மாமியார், குழந்தைகளோடு பல வருஷம்! பக்கத்து அறைக்காரர் போட்டுக் கொடுத்துடுவாரோ என்கிற பயம் தனி.

ஸ்டாலின் காலத்தில் மாஸ்கோவில் கோபுரம் வைத்த பிரமாண்டக் கட்டடங்கள் எழும்பின. பார்க்க அழகு, குடியேற எத்தனை பேருக்குக் கொடுப்பினை? 1954 டிசம்பரில் கட்டுமானத் துறையினரின் மாநாட்டில் குருஷேவ் ஆர்க்கிடெக்ட்களை வறுத்தெடுத்தார். 1955-ல் 'வீண் அலங்காரம் கூடாது' என்று அரசாணை. 1957-ல் இன்னொன்று: பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வீட்டுப் பஞ்சம் தீரணும்!

அங்கேதான் என்ட்ரி கொடுக்கிறார் இன்ஜினீயர் விதாலி லகுதென்கோ. இவரோட 'கே-7' டிசைனில் செங்கல் அடுக்குற வேலையே இல்லை. ஜன்னல் ஓட்டையோட முழுச் சுவரையும் ஃபேக்டரியில் கான்க்ரீட்டில் வார்த்து, லாரியில் ஏற்றி, கிரேனில் தூக்கி நிறுத்தி, வெல்டிங் அடிச்சுட்டா முடிஞ்சது. சுமார் ரெண்டே வாரத்தில் கட்டடம் நிற்கும். ஏன் அஞ்சு மாடி? அதுக்கு மேலே போனா விதிப்படி லிஃப்ட் வைக்கணும். செலவு! (இவரோட பேரன் இல்யா லகுதென்கோ, 'மூமி த்ரோல்' ராக் பேண்ட் பாடகர். தாத்தா பேனல், பேரன் கிடார்!)

கிச்சனுக்குக் கிடைத்தது அஞ்சாறு சதுர மீட்டர். ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் ஒரு அலமாரி. பனிக்காலத்தில் அதுதான் ஃப்ரிட்ஜ், கரன்ட் பில் இல்லாமல்!

என்னை இழுத்தது அந்தக் குட்டி கிச்சன்தான். முதல்முறையா ஒரு குடும்பத்துக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடைச்சது. ராத்திரி நண்பர்கள் நாலு பேர் இடிச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்க. டீ, வோட்கா, ரேடியோவில் வராத பாட்டெல்லாம் டேப் ரெக்கார்டரில் ஓடும். வெளியே பேச முடியாத அரசியலை அங்கே பேசினாங்க. கான்க்ரீட்டை மிச்சம் பிடிக்க அரசாங்கம் சுருக்கின அதே அறையில் அரசாங்கத்தையே கிழிச்சாங்க!

குறைகள் நிஜம். மெல்லிசான சுவர்களால் பக்கத்து வீட்டுத் தும்மல்கூடக் கேட்கும். பேனல் இணைப்புகள் வழியா குளிர் உள்ளே வரும். எல்லாக் கட்டடமும் ஒரே அச்சு. 1975-ல் எடுத்த 'விதியின் விளையாட்டு' என்கிற படத்தில், மாஸ்கோ ஹீரோ குடிச்சுட்டு லெனின்கிராட்டில் போய் இறங்குவார். அதே தெருப் பெயர், அதே மாதிரி கட்டடம். அவர் சாவி அங்கேயும் திறக்கும்! பேனல் வீடுகளோட மொத்தக் கதையும் அந்தச் சாவியில் இருக்கு. ஆனாலும், இவற்றை 'தீப்பெட்டி' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களோடு நான் சேர மாட்டேன். கொம்முனால்காவிலிருந்து மூட்டை கட்டினவங்ககிட்ட கேட்டிருக்கணும், அது தீப்பெட்டியா என்று.

2017-ல் மாஸ்கோ நகராட்சி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களை இடித்துப் புது ஃப்ளாட் தரும் திட்டத்தை ஆரம்பித்தது. குடியிருப்போரிடம் ஓட்டெடுப்பு. நிறைய பேர் 'சரி' என்றார்கள். ஆனா, அந்த வருஷம் மே மாசம் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். 'எங்க வீட்டில் கை வைக்காதே' என்பதுதான் கோரிக்கை.